ஆறு கோடு

இந்த நாட்டில் எனக்குப் பிடித்த பொருள் ஒன்றே ஒன்றுதான்: போல்ட். இங்கே காபி கழுநீர் மாதிரி இருக்கும், வாழைப்பழத்தில் வாசம் கிடையாது, தக்காளி புளிக்காது. போல்ட் மட்டும் யோக்கியமான பொருள். தலையைப் பார்த்தாலே அதன் யோக்கியதை தெரிந்துவிடும். தலையில் ஒன்றுமே இல்லையென்றால் சாதாரண இரும்பு. கேட்டுக்கும் ஊஞ்சலுக்கும் போதும். மூன்று கோடு இருந்தால் நடுத்தரம். ஆறு கோடு இருந்தால் கெட்டி, வண்டியை நம்பித் தொங்கவிடலாம். மனுசனுக்கும் இப்படித் தலையில் கோடு போட்டு அனுப்பியிருந்தால் எவ்வளவோ வசதி.

உட்காருங்கள் தம்பி. வாஞ்சிநாதன் என்றுதானே சொன்னீர்கள்? இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் தமிழ் தெரிந்த ஆளாகப் பார்த்து அனுப்பியிருக்கிறான், சந்தோஷம். டேப்பை ஓட விட்டாயிற்றா? சிவப்பு விளக்கு எரிகிறது, சரி. என் மடியில் கிடக்கும் போர்வையைப் பார்க்க வேண்டாம். வயசானவனுக்குக் குளிரும்.

ஜீப்பில் அந்த பம்பரை மாட்டியது தானேதான் என்று என் மருமகன் மகிழன் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறானாம். என் மகள் சாந்தி அதைச் சொல்லிச் சொல்லி அழுகிறாள். வக்கீல் வருகிறான், போகிறான். கிரீன் கார்டு கிடைக்காது என்கிறார்கள், ஜெயில்கூட இருக்கலாம் என்கிறார்கள். அதற்காக இரக்கப்பட்டு நான் வாயைத் திறக்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்று அவனுக்குத் தெரியாது. நாற்பத்தோரு வருஷம் சங்ககிரியில் லாரிப் பட்டறை வைத்திருந்தவன் நான். என் கை செய்த வேலையை அவன் தன் பேரில் எழுதிக்கொள்வதா? அதுதான் பொறுக்கவில்லை.

என் பேர் சேனாபதி. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. தமிழில் கையெழுத்துப் போடுவேன். இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது. இந்த வீட்டில் தபால் வந்தால்கூட என்னைத் தாண்டித்தான் கை நீட்டுவார்கள்.

போன வருஷம் இந்த லிவர்மோருக்கு வந்து சேர்ந்தேன். மருமகனும் அவன் சிநேகிதர்களும் கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டருக்கு வருஷம் எண்ணத் தெரியாமல் போய்விடுமாம். அதைச் சரிபண்ணத்தான் இத்தனை பேரையும் விமானத்தில் ஏற்றிக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்கு வருவார்கள். சாமி கும்பிட்டுவிட்டு, புளியோதரையை டப்பாவில் வாங்கிக்கொண்டு, நேரே தெற்கே மலைக்குப் போவார்கள். அங்கே வண்டியைப் பள்ளத்தில் இறக்கி மாட்டிக்கொள்வதும், மாட்டிய வண்டியை இன்னொரு வண்டி இழுத்து எடுப்பதும்தான் விளையாட்டு. எங்கள் ஊரில் லாரி பள்ளத்தில் இறங்கினால் டிரைவர் தலையில் கை வைத்து உட்காருவான். இவர்கள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அதைத் தேடிப் போகிறார்கள்.

கூட்டத்துக்குத் தலைவன் பத்மநாபன். மெட்ராஸ்காரன். சாகும்போது முப்பத்தாறு வயது. எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பான், கேட்காவிட்டாலும் சொல்வான்.

ஜீப்போடு கம்பெனியில் கொடுக்கிற பம்பர் வெறும் தகரம். அதைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். மலைக்குப் போகிறவன் கெட்டியான பம்பராக வேறு வாங்கி மாட்ட வேண்டும். அதற்கு இவர்களிடம் படம் போட்ட புஸ்தகங்கள் இருந்தன. இந்தச் சோபாவில்தான் உட்கார்ந்து, பெண் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு படமாகப் பார்த்தார்கள்.

"மாப்பிள்ளை, புஸ்தகத்தப் பாத்து எதுக்குங்க இரும்பு வாங்கறது? நானே பண்ணித் தர்றனுங்க" என்றேன்.

மகிழன் பத்மநாபனைப் பார்த்தான். தும்முவதானாலும் அவனைப் பார்த்துவிட்டுத்தான் தும்முவான்.

"அங்கிள், பாக்க வேண்டியது மூணே விஷயம்தான்" என்றான் பத்மநாபன். "பிளேட் எவ்ளோ திக்கு, பிராக்கெட் சேசிஸ் வரைக்கும் போகுதா, கொக்கி எதுல மாட்டியிருக்கு. லுக்கெல்லாம் அப்புறம்."

"லாரிக்கே பண்ணுன கை தம்பி. இது மிட்டாய் டப்பா."

"அப்ப நீங்களே பண்ணுங்க அங்கிள். சூப்பரா இருக்கும். மலைக்கு எடுத்துட்டுப் போய் ஒரு டெஸ்ட் பண்ணிடலாம்."

டெஸ்ட். நான் பரீட்சை எழுத வேண்டுமாம், அவன் மார்க் போடுவானாம்.

மூன்று வாரம் அந்தக் காரேஜில் வேலை பார்த்தேன். கனமான சேனல் இரும்பு. தூக்க இரண்டு ஆள் வேண்டும். கறுப்பு பெயின்ட் அடித்து, மாட்டி முடித்ததும் சாந்தி குங்குமம் வைத்தாள். ஏப்ரலில் மலைக்குக் கொண்டுபோனோம். மகிழன் ஜீப்பைச் சேற்றில் இறக்கினான். பத்மநாபன் தன் வண்டியை முன்னால் நிறுத்தி, அதன் பின்பக்கத்திலிருந்து என் பம்பரில் இருந்த கொக்கிக்கு நைலான் பட்டையை மாட்டினான். பிறகு வண்டிக்குள்ளிருந்து ஒரு கம்பளிப் போர்வையை எடுத்து வந்து பட்டையின் நடுவில் போட்டான்.

"இந்தப் பட்டை ரப்பர் மாதிரி இழுபடும் அங்கிள். கொக்கி பிச்சுக்கிச்சுன்னா குண்டு மாதிரி பறந்து, இழுக்கிறவன் மண்டைக்குத்தான் வரும். மேல போர்வை கிடந்தா அந்த வெயிட்டுல கீழ விழுந்துரும். எங்க போனாலும் இது இல்லாம நான் இழுக்க மாட்டேன்" என்றான்.

எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது அவன்தான். குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது இழுப்பில் என் வெல்டு விட்டுவிட்டது. பம்பர் கழன்று முன்னால் பாய்ந்து, போர்வையோடு சேற்றில் தொப்பென்று விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

காரணம் சொல்கிறேன், நீங்கள் படித்தவர், புரியும். எங்கள் ஊர் பம்பர் இடி வாங்குவதற்கு. எதிரே எருமை வந்தாலும் இன்னொரு லாரி வந்தாலும் வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். அதில் கயிறு கட்டி யாரும் இழுக்க மாட்டார்கள். இழுக்க வேண்டுமானால் சங்கிலியை நேரே வண்டியின் அடிச்சட்டத்தில், சேசிஸில் சுற்றுவோம். நாற்பத்தோரு வருஷமும் தள்ளுகிற விசைக்குத்தான் வெல்டு வைத்தேன், இழுக்கிற விசைக்கு வைத்ததில்லை. இதில் என் தப்பு எங்கே இருக்கிறது? பம்பரைப் பிடித்து இழுப்பதே மரியாதை கெட்ட வேலை.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன். பத்மநாபன் மடக்கு நாற்காலியை விரித்து என்னை உட்கார வைத்தான். "விடுங்க அங்கிள், உங்க இரும்பு ஒரு நூல்கூட வளையல பாருங்க, வெல்டு மட்டும்தான்" என்றான். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து என் கையில் கொடுத்தான். மூடியைத் திறந்து கொடுத்தான் தம்பி. நாற்பது டன் லாரியின் நட்டைக் கையால் கழற்றியவனுக்கு.

ஜூலையில் புஸ்தகத்து பம்பர் பெட்டியில் வந்தது. சேக்ரமென்டோ பக்கம் ஏதோ சின்னப் பட்டறையில் செய்ததாம். "அங்கிள் கையாலதான் மாட்டணும்" என்று பத்மநாபன் போனில் சொன்னான். பிச்சை போடுவதிலும் சில பேருக்கு நல்ல பழக்கம் உண்டு. சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் சாமான் வாங்கக் கடைக்குப் போன நேரத்தில் காரேஜில் அதைப் பிரித்தேன். தகடு என்னுடையதில் பாதிக் கனம். அதைத் தாங்குகிற பிராக்கெட் சேசிஸுக்குள் ஒரு முழம் போய்ப் பிடித்தது, பக்கத்துக்கு நான்கு போல்ட். முன்னால் இரண்டு கொக்கி, ஒவ்வொன்றையும் தகட்டோடும் பிராக்கெட்டோடும் சேர்த்துப் பிடிக்க இரண்டு போல்ட். குறை கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் பார்த்தேன். கண்டுபிடிக்கவில்லை.

எனக்குப் பத்மநாபன் மேல் கோபம் கிடையாது. என்னுடையது நாலு பேர் பார்க்கக் கழன்றது. இந்தப் புஸ்தகத்து பம்பரும் நாலு பேர் பார்க்கக் கழல வேண்டும். நியாயமாகத்தானே இருக்கிறது?

பம்பரைச் சேசிஸில் பிடிக்கிற எட்டு போல்ட்டையும் ஒழுங்காக முடுக்கினேன். என் கை வேறு மாதிரி முடுக்காது. கொக்கியின் நான்கு போல்ட்டை மட்டும் மாற்றினேன். தோட்டத்தில் பழைய ஊஞ்சலைப் பிரித்தபோது எடுத்து வைத்த போல்ட்டுகள் இருந்தன, அதே கனம், தலையில் கோடு கிடையாது. எந்தக் கொக்கியில் பட்டையை மாட்டுவார்கள் என்று யார் கண்டது? அதனால் நான்கும். வேலை என்றால் முழுசாகச் செய்ய வேண்டும்.

பத்மநாபன் தலையைப் பார்ப்பான் என்று தெரியும். சின்ன உளியை வைத்து ஒவ்வொரு தலையிலும் ஆறு கோடு போட்டேன். மேலே ஒரு கை கறுப்பு பெயின்ட். இங்கிலீஷ் நாட்டில் நான் எழுதிய எழுத்து அது ஒன்றுதான். பிழையில்லாமல் வந்தது.

சாயங்காலம் அவன் வந்து, குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தான். "ஆறு கோடு. பர்ஃபெக்ட் அங்கிள்" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். கம்பெனி போடுகிற கோடு மேடாக இருக்கும். நான் போட்டது பள்ளம். விரலை வைத்து ஒரு தடவை தடவியிருந்தால் தெரிந்திருக்கும். படித்தவன் பார்ப்பான், தடவ மாட்டான்.

ஆகஸ்டில் இரண்டாவது ஞாயிறு. கோயில் வாசலில் கல் சுட்டது, பெண்கள் காலை மாற்றி மாற்றி வைத்து ஓடினார்கள். மலையில் புல்லெல்லாம் காய்ந்து மஞ்சளாக நின்றது. நூறு டிகிரி என்று ரேடியோவில் சொன்னதாக மகிழன் சொன்னான். வறண்ட ஓடையின் மணலில் அவன் ஜீப் அச்சு வரைக்கும் புதைந்தது. பத்மநாபன் எப்போதும் போலத் தன் வண்டியை முன்னால் நிறுத்தி, பட்டையை மாட்டிவிட்டு, போர்வையை எடுத்துக்கொண்டு வந்தான். நான் ஓரமாக மரத்தடியில் நாற்காலியில் இருந்தேன். பட்டைக்கு நேரே இல்லை, விலகித்தான்.

"பத்மநாபா, எனக்குக் குளுருது. அந்தப் போர்வையக் குடு" என்றேன்.

ஓடி வந்தான். "ஜுரமா அங்கிள்?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். போர்வையை அவனே என் காலைச் சுற்றிப் போர்த்தினான். அவன் கழுத்திலிருந்து வேர்வை என் கையில் சொட்டியது.

"பட்டை மேல போட வேற எதாவது எடுக்கட்டுமா?" என்று ஜீப்பிலிருந்து மகிழன் கத்தினான்.

"விடு மச்சி, ஒரே இழுப்புதான். அங்கிளுக்கு முடியல, சீக்கிரம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். போல்ட்டெல்லாம் அங்கிள் போட்டதுதானே, மலையே வந்தாலும் தாங்கும்."

அப்படித்தான் சொன்னான். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

தன் வண்டியில் ஏறி இழுத்தான். முதல் இழுப்பில் ஜீப் அசைந்தது. இரண்டாவதில் கொக்கி போனது. சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. பத்மநாபன் வண்டியின் பின் கண்ணாடியில் ஒரு ஓட்டை, அவ்வளவுதான். அவன் வண்டி மட்டும் கொஞ்ச தூரம் தானாகப் போய் ஒரு புதரில் நின்றது. பம்பர் ஜீப்பிலேயே இருந்தது. அசையவில்லை.

போலீஸ்காரன் வந்து எல்லாரிடமும் கேட்டான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கிழவன் பயந்திருப்பான் என்று தண்ணீர் பாட்டில் கொடுத்தான். மூடியைத் திறந்துதான் கொடுத்தான்.

நான் கழற்றி வைத்த நல்ல போல்ட் நான்கும் காரேஜில் பால் பவுடர் டின்னில் இருந்தன. மறுநாள் மகிழன் எதையோ தேடப் போய் அதைத் திறந்துவிட்டான். நான்கையும் உள்ளங்கையில் கொட்டி எண்ணினான். நேரே உங்கள் கம்பெனிக்குப் போய், மாட்டியது தானேதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். "உங்களைக் காப்பாத்தத்தான்ப்பா" என்கிறாள் சாந்தி. என்னைக் காப்பாற்ற அவன் யார்?

இந்தாருங்கள் டின். நான்கையும் எடுத்துத் தடவிப் பாருங்கள், கோடு மேடாக இருக்கும். போலீஸ் எடுத்துப்போன கொக்கியில் ஒடிந்த தலைகள் இருந்தால் அவற்றையும் தடவச் சொல்லுங்கள். பம்பர் செய்த பட்டறைக்காரன் மேல் குற்றம் சொல்லி எதுவும் எழுத வேண்டாம். நல்ல வேலைக்காரன். நான் செய்திருந்தால் அவ்வளவு நன்றாக வந்திருக்காது. வரவில்லை.

நீங்கள் என் மடியைப் பார்ப்பது தெரிகிறது. ஆமாம், அதே போர்வைதான். பத்மநாபனின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது மடித்து எடுத்துக்கொண்டுதான் போனேன். அவன் மனைவி வாங்கிக்கொள்ளவில்லை. "நீங்களே வெச்சுக்குங்க அங்கிள். கடைசியா அவர் உங்களுக்குத்தானே போத்திவிட்டாரு" என்றாள்.

போல்ட்டை மாற்றியது நான். கோடு போட்டது நான். கொக்கி கழன்றால் எந்தப் பக்கம் பறக்கும், யார் மண்டைக்குப் போகும் என்று தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். மகிழன் ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை. எல்லாவற்றையும் எழுதுங்கள், தமிழில் கையெழுத்துப் போடுகிறேன். அன்றைக்கு வெயில் நூறு டிகிரி என்று உங்கள் காகிதத்தில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். எனக்குக் குளிராகத்தான் இருந்தது.