நாலாவது மான்

— தள்ளி உட்காரு லாதோன், திருவிழா ஆட்டம் தெரியாம தூண் மறைக்குது பாரு. வரிசையில நாலாவது மான். கொம்புல பச்சைத் துணி கட்டியிருக்கே, அதுதான் எங்க வீட்டு முகமூடி.

— தெரியுதும்மா. ஆனா உள்ள யாருன்னு எப்படி...

— முகம் எதுக்கு? காலைப் பாரு. கல்யாணமானதுலேருந்து என் வீட்டுக்காரர் கால் தரையில படற விதத்தைத்தான் பார்த்துட்டிருக்கேன். சோக்கிக்குத் தலைவலி விட்டுச்சா?

— போர்த்திக்கிட்டுப் படுத்திருக்காம்மா. எழுப்ப வேண்டாம்னு சொன்னா.

— பாவம், அவளுக்காகத்தானே நீ திம்புலேருந்து இவ்வளவு தூரம் வந்தே. ஒரே அறையில தங்கிப் படிக்கிறீங்க. உன்னை இங்க தனியா உட்கார வெச்சுட்டு இப்படிப் படுத்துட்டாளே. வெண்ணெய்த் தேநீரைக் குடி, மேல ஆடை கட்டுது பாரு.

— குடிக்கிறேன்மா. அது வந்து... இந்த ஆட்டம் இன்னும் எவ்வளவு நேரம்?

— இப்பதானே ஆரம்பிச்சாங்க. உனக்கு என்ன அவசரம்?

— இல்ல, சோக்கி அப்பாவுக்குப் போன மாசம் நெஞ்சுவலி வந்துச்சே. அதான்.

— டாக்டர் ஆடவே கூடாதுன்னார். இவர் காதுல ஏறுச்சா? எங்க வீட்டுலேருந்து ஒரு ஆள் ஆடலைன்னா அந்த இடம் நாம்கே வீட்டுக்குப் போயிடும். அவனுக்கு ரெண்டு பசங்க, தயாரா நிக்கிறானுங்க. எங்களுக்கு சோக்கி ஒரே பொண்ணு. அப்புறம் எங்க முகமூடி அவங்க பூஜை அறையில தொங்கும். நான் அந்த வழியா தண்ணிக்குப் போகணும்.

— பொண்ணு ஆடக்கூடாதாம்மா?

— மெதுவா. மஞ்சள் பட்டுல நிக்கிறார் பாரு, அவர்தான் ஆட்டத்துக்கு ஆசான். இந்த மான் ஆட்டத்தைப் பொண்ணு ஆடி நான் பார்த்ததில்லை. ஆடினது தெரிஞ்சா பாதியிலயே மேளத்தை நிறுத்திடுவார். ஐயோ, திரும்பறப்ப அந்த முகமூடி ஆடுது பாரு. அவர் தலைக்கு அளவெடுத்துச் செஞ்சதாச்சே.

— துணி நல்லா இறுக்கித்தான் சுத்தி... சுத்தியிருப்பாங்கம்மா.

— கழண்டு விழுந்தா ஊருக்கே ஆகாதும்பாங்க. கையை விடு பொண்ணே, நகம் குத்துது.

— அடடே, திம்பு மகாராணி. இந்த ஏழைக் கோமாளிக்கு ஒரு வெத்தலை கிடைக்குமா? முகம் ஏன் இப்படிப் புளிச்சுக் கிடக்கு? உங்க ஊர்ல சிரிச்சா வரி போடுவாங்களோ?

— போடா சிவப்பு மூக்கா, அவளை விடு. பயப்படாதே லாதோன், என் தம்பிதான். வருஷா வருஷம் இந்த வேஷம்தான். மூஞ்சியை மூடினா வாய் திறந்துக்கும்.

— ரிஞ்சி அக்கா, மச்சானுக்குக் காலையில என்னத்தைத் தின்னக் குடுத்தே? எளவட்டம் மாதிரி குதிக்கிறார்.

— மிளகாயும் பாலாடைக்கட்டியும்தான். எப்பவும் போல.

— அதை எனக்கும் கொஞ்சம் அனுப்பு. ஆசான் வாயைப் பிளந்துட்டு நிக்கிறார். ‘இந்த ஆளுக்கா நெஞ்சுவலி’ன்னு பக்கத்துல நின்னவங்ககிட்டக் கேட்டார். நாம்கேயும் எழுந்து நின்னு பார்க்கிறான்.

— சரி சரி, போய் உன் வேலையைப் பாரு. ரொம்ப தூரம் போயிடாதே.

— அம்மா.

— இந்தா, வெத்தலை போடு. வாய் உலர்ந்து கிடக்கு உனக்கு.

— அம்மா, நான் ஒண்ணு சொல்லணும். நீங்க கத்தக் கூடாது.

— நான் எப்பக் கத்தினேன்?

— அது வந்து... விடியறப்ப அப்பாவுக்கு மூச்சு முட்டிச்சு. நீங்க மாடு கறக்கப் போயிருந்தீங்க. உங்ககிட்டச் சொல்லவே கூடாதுன்னார். மாத்திரை போட்டதும் சரியாயிடுச்சு. டாக்டருக்குப் போன் பண்ணினோம், படுக்க வைக்கச் சொன்னார். ஆனா அப்பா படுக்கமாட்டேன்னு முகமூடியைக் கையில வெச்சுட்டு அழுதார்மா. அப்பதான் சோக்கி... போர்வைக்குள்ள இருக்கறது சோக்கி இல்லைம்மா.

— தெரியும்.

— தெரியுமா?

— தலைமாட்டுல தண்ணி வைக்கப் போனேன். எம்பொண்ணு குறட்டை விடமாட்டா. அவர் நெஞ்சுல கை வெச்சுப் பார்த்துட்டுத்தான் வாசலைத் தாண்டினேன். பக்கத்து வீட்டுக்காரியை உட்காரவும் வெச்சிருக்கேன்.

— அப்ப ஏன்மா இவ்வளவு நேரம் எங்கிட்ட...

— உன் முகத்துல எல்லாம் எழுதியிருக்கு. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா இன்னும் பெருசா எழுதியிருப்பே. உஷ், ஆசான் இங்க வர்றார். இல்ல, ஆட்டத்துப் பக்கம்தான் போறார். நேரா அவகிட்ட, சந்தேகம் வந்துடுச்சு போல. டேய் தம்பி, இங்க வா, சீக்கிரம்.

— என்னக்கா, என்ன அவசரம்?

— ஆசானுக்கு முன்னாடி ஓடு. கொம்பைச் சரி பண்ற மாதிரி குனிஞ்சு, நாலாவது மான் காதுல நான் சொன்னேன்னு சொல்லு: ரொம்ப நல்லா ஆடறே சோக்கி, உங்கப்பா மாதிரி நடுவுல நின்னு கொஞ்சம் மூச்சு வாங்குடி.