பீரோ சாவியும் சிபாரிசும்

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கிளம்பிய ஸ்ரீரங்கம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு டீச்சர்கள். நெற்றியில் ஸ்ரீசூர்ணம் இட்டிருந்த வைதேகி டீச்சர் கைப்பையை மடியில் கொட்டித் தேடிக்கொண்டிருந்தார்.

"பீரோ சாவியைக் காணோம். மாமியாரோட பட்டுப்புடவை உள்ளே இருக்கு. கோயிலுக்குப் போகணும்னு காத்துண்டிருக்கா."

"அந்தோணியார்கிட்ட கேளுங்க டீச்சர். தொலைஞ்ச பொருளெல்லாம் அவர் டிபார்ட்மெண்ட்," என்றார் பக்கத்தில் இருந்த ஸ்டெல்லா டீச்சர்.

"உங்களுக்கு ஒரே கடவுள்னு சொல்வேளே? டிபார்ட்மெண்ட் எங்கேர்ந்து வந்தது?"

"கடவுள் ஒருத்தர்தான். இவர் சிபாரிசு பண்றவர்."

"எங்களுக்கும் பெருமாள் ஒருத்தர்தான். மலைக்கோட்டைப் பிள்ளையாரைக்கூட எங்காத்துல சேவிக்க மாட்டோம். ஆனா அவர் பக்கத்துல இருக்கற தாயார் சிபாரிசு பண்ணினாத்தான் எதுவும் நடக்கும்."

"அப்ப ரெண்டு பேருக்குமே ஒருத்தர் போதலையே!"

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். காவிரிப் பாலம் ஏறும்போது வைதேகி டீச்சர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். பாலம் இறங்குவதற்குள் சாவி சாப்பாட்டுப் பையின் அடியிலிருந்து வந்துவிட்டது.

"எங்க மாமியார்கிட்ட சொல்லிடாதீங்கோ."

"சாவி தொலைஞ்சதையா?"

"அதைச் சொல்லிக்கலாம். யார்கிட்ட கேட்டேன்னு சொல்லிடாதீங்கோ."