‘தெரியாது’ என்று துணிந்து சொன்னவர்க்கு

இயன்மருத்துவப் பிரிவின் பொறுப்பாளராய் விளங்கி இன்று ஓய்வுபெறும் எங்கள் பெருமதிப்புக்குரிய திருமதி சுமித்திரா நிரஞ்சன் அவர்களே!

தளர்ந்த தசைகளுக்குத் தைரியம் தந்த தகைமையாளரே! விழுந்தவரை எழுப்பி, எழுந்தவரை நடத்தி, நடந்தவரையும் ‘இன்னொருக்கா’ என்று விரட்டிய அன்பின் அதிகாரியே! வணக்கம்.

போர் ஓய்ந்த காலத்தில் கூரை ஒழுகும் அறையொன்றில், ஒரு கட்டிலையும் இரண்டு மூங்கில்களையும் வைத்துக்கொண்டு இந்தப் பிரிவைத் தொடங்கினீர்கள். செயற்கைக் கால் பொருத்தியவர்கள் அந்த மூங்கில்களைப் பிடித்தே நடை பழகினார்கள். உங்கள் குரல் வெளிநோயாளர் பிரிவு வரைக்கும் கேட்கும். அந்தக் குரலில் ஏச்சு வாங்கியவர்களே அடுத்த கிழமை உங்களுக்கு முருங்கைக்காய் கொண்டுவருவார்கள். அதை நீங்கள் எங்களுக்குப் பங்கிட்டுத் தந்துவிட்டு, சமைக்கும் விதத்தையும் சொல்லி, மறுநாள் சமைத்தோமா என்று விசாரணையும் வைப்பீர்கள்!

உங்கள் பணிகள் யாவற்றையும் சொல்ல இந்த மாலை போதாது. ஆகவே ஒன்றை மட்டும் சொல்கிறோம். சொல்வதற்கு அனுமதி தந்த அனோஜா அவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

அவருடைய கணவர் பரமேஸ்வரன், கண்டாவளையில் வயல் செய்தவர். சட்டைப் பொத்தானைப் பூட்ட விரல் வரவில்லை என்று உங்களிடம் வந்தார். எண்ணெய் தேய்த்து உருவிவிட்டால் போதும் என்பது அவர் எண்ணம். நீங்களோ அவர் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே தசை வற்றிக் குழி விழுந்திருப்பதையும், புயத்தில் தோலின் கீழே தசை துடிதுடிப்பதையும் கண்டீர்கள். அன்றே நரம்பியல் நிபுணரிடம் அனுப்பினீர்கள். இயக்க நரம்புக்கலச் சிதைவு நோய் என்று முடிவு வந்தது. மூளையிலும் முள்ளந்தண்டிலும் இருந்து தசைகளுக்குக் கட்டளை கொண்டுசெல்லும் கலங்கள் ஒவ்வொன்றாய் மடிந்துபோகும் நோய் அது. கை போகும், கால் போகும், பேச்சுப் போகும், கடைசியில் மூச்சுத் தசையும் ஓயும். பரமேஸ்வரனின் அறிவு மட்டும் கடைசி வரை தெளிவாக இருந்தது.

ஏன் வந்தது? அவர்கள் வீட்டு வளவில் ஆளுக்கொரு பதில் இருந்தது. வயலுக்கு அடித்த பூச்சிமருந்து என்றார் ஒருவர். போரில் பாய்ந்து தோளில் தங்கிவிட்ட எறிகணைத் துண்டு என்றார் இன்னொருவர். பரமேஸ்வரனின் தாயார் சுப்பம்மா அவர்களோ மருமகளைக் காட்டினார். வற்றாப்பளை அம்மனுக்கு வைத்த பொங்கல் நேர்த்திக்கடனை அவள் மறந்தாள், அதனால்தான் மகன் கை விழுந்தது என்றார். அனோஜாவும் அதை நம்பிவிட்டார். கணவரைக் கதிரையில் நிமிர்த்தி உணவூட்ட நீங்கள் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பழக்கியபோது, கரண்டியை உங்கள் கையிலேயே திருப்பித் தந்தார்.

“நான் தொட்டா இன்னும் கூடிரும்னு மாமி சொல்றாங்க, மிஸ்.”

அன்று திரும்பி வந்ததுமே இந்நோயைப் பற்றிப் படிக்கத் தொடங்கினீர்கள். நிபுணர்களைத் தொலைபேசியில் பிடித்துத் துளைத்தெடுத்தீர்கள். பத்து நோயாளரில் ஒருவருக்குத்தான் இது குடும்பவழியாக வருகிறது, மற்றவர்களில் பெரும்பாலானோருக்குக் காரணம் பிடிபடவில்லை, மடியும் கலங்களுக்குள் ஒரு புரதம் கட்டிபட்டுக் கிடக்கிறது, அது ஏன் கட்டிபடுகிறது என்றுதான் ஆய்வாளர்கள் தேடுகிறார்கள் என்று தேநீர் வேளையில் எங்களுக்கும் பாடம் எடுத்தீர்கள். இந்நோயாளரின் இரத்த மாதிரி சேர்க்கும் பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்றையும் கண்டுபிடித்தீர்கள்.

அப்போது பரமேஸ்வரனின் நாக்குக் குழறத் தொடங்கியிருந்தது. இந்த ஆய்வால் அவருக்குச் சுகம் வராது என்பதை நீங்கள் மறைக்கவில்லை. அவர் மெல்ல மெல்லச் சொன்னார்:

“தெரியும் மிஸ். எடுங்க. இவ மேல உள்ள பழியாச்சும் போகட்டும்.”

முடிவு வர மாதங்கள் சென்றன. இந்நோயைக் குடும்பவழியாகக் கொண்டுவருவதாக அறியப்பட்ட பரம்பரையலகுகளில் ஒரு கோளாறும் இல்லை. வேறு காரணமும் தெரியவில்லை. அதைச் சொல்ல நீங்கள் புறப்பட்ட அன்று எங்களில் ஒருவரான ஜெயரூபியும் கூட வந்தார். வழியில் அவர் கெஞ்சினார்:

“மிஸ், மருந்தடிச்சதாலதான் வந்தது எண்டு சொல்லிவிடுங்கோ. அந்தப் பிள்ளை தப்பியிடும்.”

“மருந்தே அடிக்காத ஆருக்கும் நாளைக்கு வந்தா? திரும்பவும் அந்த வீட்டுப் பொம்பிளையைத்தான் பிடிப்பினம். நான் பொய் சொல்லமாட்டன்” என்றீர்கள்.

முற்றத்தில் உறவினர் கூடியிருந்தனர். நீங்கள் சுற்றி வளைக்கவில்லை.

“எல்லாம் சோதிச்சுப் பாத்தாச்சு அம்மா. ஏன் வந்தது எண்டு தெரியாது. எனக்கும் தெரியாது, பெரிய டொக்டர்மாருக்கும் தெரியாது.”

சுப்பம்மா விடவில்லை. “தெரியாதுன்னா, ஆத்தா கோவம் இல்லைன்னு மட்டும் எப்படிச் சொல்றீங்க?”

“அம்மனைப் பற்றிக் கதைக்க நான் ஆர், அம்மா? ஆனா வற்றாப்பளை எண்ட பேரையே கேள்விப்படாத நாடுகளிலயும் இந்த வருத்தம் வருது. அங்க ஆர் பொங்க மறந்தது? எங்களுக்குத் தெரியாத ஒண்டுக்கு உங்கட மருமகளைக் குற்றவாளியாக்க ஏலாது.”

பேச்சிழந்த பரமேஸ்வரன் கதிரையில் இருந்தபடி தாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரால் அசைக்க முடிந்தது கண்களை மட்டுமே. சுப்பம்மா எழுந்து குசினிக்குள் போய், மகனுக்குக் குழைத்த சோற்றை மருமகள் கையில் கொடுத்தார். மீண்டும் உள்ளே சென்று இன்னொரு கோப்பையில் சோறு போட்டு வந்து மருமகளின் பக்கத்தில் வைத்தார்.

“அவனுக்கு ஊட்டிட்டு நீயும் சாப்புடு, புள்ள. எத்தனை நாளாச்சு நீ ஒழுங்கா தின்னு.”

அடுத்த மாரியில் பரமேஸ்வரன் தம் வீட்டிலேயே, மனைவியும் தாயும் இருபுறமும் கைபிடித்திருக்கக் கண்மூடினார். இறுதிச் சடங்கு முடிந்து திரும்பும் வழியில் நீங்கள் வண்டியை நிறுத்திவிட்டு வரம்போரம் நின்று அழுதீர்கள். நாங்களும் கூட நின்றோம். மறுநாள் காலை வழமைபோல் உங்கள் குரல் கேட்டது.

காருண்யமும் கண்டிப்பும் கலந்த எங்கள் அன்னையே! ஆறுதலுக்காகவேனும் பொய்யுரையாத அறத்தை உங்களிடம் கற்றோம். நோய் என்னும் சுமைக்கு மேல் பழி என்னும் சுமையையும் ஒருவர் தலையில் ஏற்றலாகாது என்பதையும் கற்றோம். பரமேஸ்வரன் கொடுத்த இரத்தம் இன்றும் ஓர் ஆய்வுகூடத்தின் குளிரில் காத்திருக்கிறது. இந்நோயின் அரிய வகையொன்றுக்கு அண்மையில் மருந்து வந்துள்ளதைப் பத்திரிகையில் படித்ததும், வாசிப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் நோயாளர் விடுதிக்கு ஓடிவந்து எங்களுக்கு வாசித்துக் காட்டியவர் நீங்கள். மற்ற வகைகளுக்கும் விடை வரும்.

அம்மா, நீங்கள் நோயின்றி நெடுங்காலம் வாழவேண்டும். முழங்கால் வலிக்கு எங்களுக்குச் சொன்ன பயிற்சிகளை இனியாவது நீங்களும் செய்யவேண்டும். ‘காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்ற செய்தி வரும் நாளில் நீங்கள் திடமாக இருக்கவேண்டும்; கண்டாவளைக்குப் போய் அதை அனோஜாவிடம் உங்கள் வாயாலேயே சொல்லவேண்டும். வண்டியை நாங்கள் ஓட்டிவருகிறோம்.

என்றும் உங்கள் அன்பில் நனைந்திருக்கும்,
இயன்மருத்துவப் பிரிவினரும் வைத்தியசாலைக் குடும்பத்தினரும்,
கிளிநொச்சி.