மாப்பிள்ளை தானே போட்ட கணக்கு

டீ நன்றாக இருக்கிறது, மேடம். வருமான வரி அலுவலகத்தில் சர்க்கரை இவ்வளவு அளவாக விழும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் அலுவலகப் பையன் போடுகிற டீயைக் குடித்தால் இரண்டு நாளைக்கு நாக்கு ஒட்டிக்கொண்டே இருக்கும். போட்டவரிடம் நான் பாராட்டியதாகச் சொல்லிவிடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் டைப் செய்யுங்கள், நான் நிதானமாகச் சொல்கிறேன். நடுவில் மட்டும் கேள்வி கேட்காதீர்கள். கூட்டிக்கொண்டே போகும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் எனக்கு மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்.

வரிக் கணக்கை நாமே போடலாமா, ஆடிட்டரிடம் கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்காத ஆள் கிடையாது. பல் டாக்டர் ஒருவர் என் வாய்க்குள் கருவியை வைத்துக்கொண்டே கேட்டார். உள்ளதைச் சொன்னால், மாதச் சம்பளம் மட்டும் வாங்குகிறவருக்கு என்னைப் போன்ற ஆள் தேவையே இல்லை. கடை வைத்திருக்கிறவர், வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறவர், நாலு இடத்திலிருந்து வரும்படி உள்ளவர், இவர்கள் வரட்டும். மற்றவர்கள் ஒரு காலைப்பொழுதில் தாங்களே முடித்துவிட்டுக் குளிக்கப் போகலாம். ஆனால் இதை நான் வெளியே சொன்னதில்லை. அந்த டாக்டரிடமும், வாய் என் வசம் திரும்பி வந்ததும், "ஐயையோ, நீங்களா தொட்டுடாதீங்க டாக்டர், வம்பா போயிடும்" என்றுதான் சொன்னேன். அவர் இன்றைக்கும் என்னிடம்தான் வருகிறார்.

குடும்பத்தில் யாரிடமும் நான் காசு வாங்கியது கிடையாது. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் என் வீட்டுக்கு வருவார்கள். செருப்புக்கடை வைத்திருக்கிற சித்தப்பா ரசீதுகளை ஷூ டப்பாவில் கொண்டுவருவார். பெரியம்மா தலையணை உறையில் போட்டுக்கொண்டு வருவாள். பெரியம்மா மகனுக்கு ரசீது என்றால் என்னவென்றே தெரியாது, வெறும் கையோடு வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருப்பேன். நான் உள்ளே மேஜையில் உட்கார்ந்துகொண்டு "அடுத்தது" என்பேன். உடனே ஒருவர் எழுந்து வருவார். சித்தப்பா எனக்கு முன்னால் நாற்காலி நுனியில்தான் உட்காருவார். என்னைத் தூக்கி வளர்த்தவர், மேடம்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதனால் அந்த ஒரு நாள் வீடு நிறைந்திருப்பது எனக்குப் பிடிக்கும். பிள்ளைகள் மாடிப்படியில் சத்தம் போடும். சமையலறையில் என் தங்கையும் மற்றவர்களும் சிரிக்கிற சத்தம் கேட்கும். மற்ற நாட்களில் அவரவருக்கு அவரவர் வேலை, யாரும் வர மாட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ரசீதைப் பார்த்தே யாருக்குச் சர்க்கரை வியாதி, யார் யாரோடு பேசுவதில்லை என்று எல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். கார் வாங்குவதென்றால்கூட என்னைக் கேட்டுத்தான் வாங்குவார்கள்.

என் தங்கை வீட்டுக்காரரை நாங்கள் பாலம் மாப்பிள்ளை என்போம். பொதுப்பணித் துறையில் பொறியாளர். கான்ட்ராக்டர்கள் கட்டுகிற பாலங்களைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. தங்கமான மனிதர். குடும்பமே அவரைக் கிண்டல் செய்யும், அவரும் சேர்ந்து சிரிப்பார். போன வருட ஞாயிற்றுக்கிழமை அவர் கையில் பை இல்லை. பெரிய கேக் ஒன்று மட்டும் இருந்தது.

"மச்சான், இந்தத் தடவை உங்களுக்கு என்னால தொந்தரவு இல்ல. நானே போட்டு அனுப்பிட்டேன். போன்லயே ஒரு ஆப் இருக்கு, அது கேக்குற கேள்விக்குப் பதில் சொன்னா போதும்" என்றார். வாயெல்லாம் பல்.

"காட்டுங்க மாப்பிள்ளை, பார்ப்போம்" என்றேன்.

பார்த்தேன். ஒரு தப்பு இல்லை. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. என் மருமகளுக்கு, அதாவது தங்கை மகளுக்கு, இரண்டு காதும் சரியாகக் கேட்காது. சின்ன வயதிலிருந்தே கருவி போட்டிருக்கிறாள். அந்தச் செலவுக்கு வரியில் கழிவு உண்டு. நான் அதை ஒரு வருடம்கூடப் போட்டதில்லை. கவனிக்கவில்லை, அவ்வளவுதான். ஒன்றிரண்டு எல்லோருக்கும் தப்பும். அந்த ஆப் அதைக் கேட்டிருக்கிறது, அவர் போட்டிருக்கிறார்.

"அண்ணா, இது உனக்குத் தெரியாதா?" என்றாள் தங்கை. குத்திக்காட்டவில்லை, அவள் அப்படிப்பட்டவள் இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

அப்போது சித்தப்பா வரிசையிலிருந்து எழுந்தார். "மாப்ள, எனக்கும் கொஞ்சம் காட்டுங்க" என்று டப்பாவோடு அவர் பக்கம் போனார். பெரியம்மா போனாள். பெரியம்மா மகன் போனான், வெறும் கையோடு. கூடத்தில் எல்லோரும் அவரைச் சுற்றி நின்றுகொண்டு ஒரு போனைப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த வருடம் எல்லோரும் அவர் வீட்டிலேயே கூடலாம், இடமும் பெரிது என்று யாரோ சொன்னார்கள். நான் உள்ளே இருந்து "அடுத்தது" என்றேன். யார் காதிலும் விழவில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை, மேடம். கேக் நன்றாக இருந்தது. இரண்டாவது துண்டும் சாப்பிட்டேன்.

கிளம்பும்போது மாப்பிள்ளையே வாசலில் நின்று கேட்டார். "மச்சான், வரிக் கணக்கு பாஸ்வேர்டு பழசுதான் இருக்கு, நீங்க போட்டுக் குடுத்தது. மாத்திடவா?"

"எதுக்கு மாப்பிள்ளை, அப்புறம் மறந்துபோய் அல்லாடுவீங்க. அதுவே இருக்கட்டும்" என்றேன். நல்ல யோசனை என்றார்.

ஒரு பிற்பகலில், சாப்பிட்டுவிட்டு, அவர் கணக்கைத் திறந்தேன். ஒருமுறை அனுப்பிய கணக்கில் விட்டுப்போனது இருந்தால் திருத்தி மறுபடி அனுப்பலாம், அதற்கு வசதி இருக்கிறது. ஒரு சின்னப் பிழையை வைத்தால் போதும் என்றுதான் உட்கார்ந்தேன். ஒரு நோட்டீஸ் வரும், பதறிப்போய் என்னிடம் ஓடி வருவார், ஐந்து நிமிடத்தில் சரிசெய்து கொடுப்பேன், எல்லோரும் சேர்ந்து சிரிப்போம். நல்லதுக்குத்தான். ஆனால் சின்னப் பிழைக்கு இப்போதெல்லாம் நோட்டீஸ் வருவதில்லை, உங்கள் கம்ப்யூட்டரே திருத்திவிடுகிறது. அதனால் கொஞ்சம் பெரிதாக யோசிக்க வேண்டியிருந்தது.

சம்பளத்துக்கு வெளியே அவர் ஆலோசனைத் தொழில் செய்வதாகப் போட்டேன். அதில் வரவு கொஞ்சம், வாகனம், கம்ப்யூட்டர் என்று செலவு அதிகம், ஆகவே நஷ்டம். நஷ்டத்தைச் சம்பளத்தில் கழித்தால் கட்டிய வரி பெரிய தொகையாகத் திரும்பி வரும். ஆலோசனை என்றால் யாருக்காவது சொல்லியிருக்க வேண்டுமே. சும்மா ஒரு பெயரைப் போட எனக்கு மனம் வராது, வேலை என்றால் வேலையாக இருக்க வேண்டும். என்னிடம் கணக்குப் பார்க்கிற கான்ட்ராக்டர் ஒருவர் இருக்கிறார். அவர் எண், விலாசம் எல்லாம் கைவசம் இருந்தது. அவர் கட்டிய பாலத்துக்கு மாப்பிள்ளைதான் கையெழுத்துப் போட்டவர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் பொருத்தமாக இருந்தது.

பணம் மாப்பிள்ளையின் வங்கிக் கணக்குக்குத்தான் போனது. நான் ஒரு பைசா தொடவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். "மச்சான், எவ்ளோ திரும்பி வந்திருக்கு பாத்தீங்களா? காது மெஷின் கழிவுதான் வேலை செஞ்சிருக்கு போல" என்று போனில் குதித்தார். "இருக்கும் மாப்பிள்ளை" என்றேன். அந்தப் பணத்தில் மருமகளுக்குப் புதுக் கருவி வாங்கினார், விலை உயர்ந்தது. அவள் முதல் முறையாக மழைச் சத்தத்தைச் சரியாகக் கேட்டாள் என்று தங்கை அழுதுகொண்டே சொன்னாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

நோட்டீஸ் வந்தது. நான் வீட்டில் இருக்கிற நேரங்களை அதற்குத் தக்கபடி மாற்றிக்கொண்டு காத்திருந்தேன். மனிதர் என்னிடம் வரவே இல்லை. தானே பதில் எழுதி அனுப்பிவிட்டார், தனக்கு ஒன்றும் தெரியாது, தான் எதையும் திருத்தவில்லை என்று. ஒரு ஆடிட்டரைப் பார்த்திருந்தால் இப்படி எழுத விட்டிருப்பாரா, நீங்களே சொல்லுங்கள். பணத்தை வாங்கிச் செலவழித்துவிட்டுத் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? கான்ட்ராக்டர் தான் பணமே கொடுக்கவில்லை என்றார். லஞ்சம் கொடுத்தவன் வேறு என்ன சொல்வான் என்று உங்கள் ஆட்கள் சிரித்தார்களாம். துறையில் மாப்பிள்ளையைச் சஸ்பெண்ட் செய்தார்கள். அவர் கையெழுத்துப் போட்ட பாலங்களை எல்லாம் மறுபடி தோண்டிப் பார்த்தார்கள். ஒன்றிலும் குறை இல்லை என்று கேள்வி. பிறகு போலீஸ் வந்து அழைத்துப்போனது. மருமகளின் கருவியையும் சாட்சிப் பொருள் என்று எடுத்துக்கொண்டார்கள், அது எனக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது.

இதோ இந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது முகத்தில் தெரிகிறது. சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் தங்கையும் மருமகளும் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வந்த அன்றைக்கே எதைச் சொல்வது? வீட்டில் காலையில் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்கிறது. எனக்கு எதிரே உட்கார்ந்து மருமகள் சாப்பிடுகிறாள். பழைய கருவி என்பதால் நான் கொஞ்சம் உரக்கப் பேச வேண்டும், அது ஒன்றும் கஷ்டமில்லை.

தங்கை ஒரே ஒரு தடவை கேட்டாள். துணி மடித்துக்கொண்டிருந்தாள், அவருடைய சட்டை ஒன்று கையில் இருந்தது. "அண்ணா, உனக்குக் கணக்கு தெரியும். நீ சொன்னா நம்பறேன். அவர் செஞ்சிருப்பாரா?"

"மனுஷன் மனசுல என்ன இருக்குன்னு யாரும்மா சொல்ல முடியும்" என்றேன். அந்தச் சட்டையை அவள் பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு சிறைக்கு அவரைப் பார்க்கப் போகவில்லை. நான்தான் போய் வந்தேன். "அவ ஏன் மச்சான் வரல?" என்று கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்டார். பழம் வாங்கிக்கொண்டு போயிருந்தேன், அதைக் கொடுத்தேன்.

இந்த வருட ஞாயிற்றுக்கிழமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி கடன் வாங்கினேன். "நல்ல வேளை, நாங்க யாரும் சொந்தமா போடல" என்று சித்தப்பா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பெரியம்மா மகன் ஒரு ரசீது கொண்டுவந்திருந்தான், மேடம். அவன் வாழ்க்கையிலேயே முதல் ரசீது.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. போன வாரம் நீங்கள் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னீர்கள். இந்தத் திருத்திய கணக்கை ஒரு பொறியாளர் போட்டிருக்க முடியாது, இவ்வளவு சுத்தமான வேலை, பொருள் பழசாவதற்குக் கழிக்கிற தேய்மானம்கூட வாகனத்துக்குத் தனி, கம்ப்யூட்டருக்குத் தனி என்று சரியான விகிதத்தில் இருக்கிறது, இது கைதேர்ந்த ஆள் செய்தது என்றீர்கள். உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். பிழையான கணக்கு போட உட்கார்ந்தவன் தேய்மானத்தையும் தப்பாகப் போட்டுத் தொலைத்திருக்கலாம். என்ன செய்வது, கை வரவில்லை. ஆனால் அடுத்ததாக நீங்கள் சொன்னதுதான் பொறுக்கவில்லை. எதிர்த்தெருவில் புதிதாகக் கடை போட்டிருக்கிற அந்த இளம் ஆடிட்டர்மீது சந்தேகம் என்றீர்கள்.

அந்தப் பையனுக்குத் தேய்மானம் போடத் தெரியாது, மேடம். வாகனத்தையும் கம்ப்யூட்டரையும் ஒரே விகிதத்தில் போடுகிற ஆள் அவன். ஒருவர் செய்த வேலைக்கு இன்னொருவர் பெயர் வாங்குவது நியாயம் இல்லை. நியாயம் என்று வந்துவிட்டால் நான் சும்மா இருக்க மாட்டேன். அதனால்தான் இன்றைக்கு நானாகவே வந்தேன். அந்தக் கணக்கைத் திறந்தது நான், ஒவ்வொரு எண்ணையும் எழுதியது நான், அனுப்பியதும் நான். மாப்பிள்ளைக்கு எதுவும் தெரியாது. போடுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். மூன்றாவது வரியில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது, அதைத் திருத்திவிடுங்கள்.

வெளியே போய்த் தங்கைக்குப் போன் செய்தீர்களே, நல்ல காரியம். அவர் எப்போது வெளியே வருவார் என்று மட்டும்தான் கேட்டாளா? என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையா? பாவம், பதற்றத்தில் மறந்திருப்பாள். கொஞ்ச நாள் கோபமாக இருப்பாள், இருக்கட்டும், அண்ணன் தங்கைக்குள் இல்லாத கோபமா. அடுத்த வருடமும் கணக்கு அனுப்பக் கடைசித் தேதி என்று ஒன்று வரும், மேடம். என்னிடம் வராமல் அவர்கள் எங்கே போய்விடுவார்கள்.