பதினேழாம் நம்பர் புழு

— தொண்ணூத்தி ஒண்ணு, தொண்ணூத்தி ரெண்டு… கிளம்பலாமான்னு மட்டும் கேட்காதீங்க. எண்ணிக்கை தப்பிடும்.

— நான் வாயே திறக்கலையே, டாக்டரம்மா.

— திறக்கப் போனீங்க. மூச்சு இழுத்த சத்தம் கேட்டுச்சு.

— அது இந்த நீலச் சட்டை. கழுத்தைப் பிடிக்குது. உன் பேச்சைக் கேட்டு மாட்டிட்டு வந்தேன் பாரு. ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்றவனுக்கு இஸ்திரி போட்ட சட்டை ஒத்து வருமா?

— நாலு மணி வரைக்கும் தாங்குங்க. அந்த ஸ்டூல்ல உட்காருங்க. தொண்ணூத்தி மூணு…

— நாலு மணிக்கு நம்ம நம்பரைக் கூப்பிடும்போது ரெண்டு பேரும் நேர்ல நிக்கணுமாம். ஒருத்தர் இல்லேன்னாலும் அடுத்த மாசம்தான்.

— தெரியும். அதுக்கு முன்னாடி ரெண்டு மணிக்கு நான் எங்க சீஃப் முன்னாடி நிக்கணும். ரெண்டு செட் எண்ணியாச்சு, நான் நினைச்ச மாதிரியே வந்துச்சு. இந்த மூணாவதும் அப்படியே வந்தா பதினேழாம் நம்பர் புழு என் கண்டுபிடிப்பு. வரலேன்னா மூணு வருஷ உழைப்பு அம்போ.

— அப்படி என்னத்தைத்தான் எண்றே? ஜெல்லி மேல தூசி ஊர்ற மாதிரி இருக்கு.

— மைக்ராஸ்கோப்ல கண்ணை வைங்க. கையை வைக்காதீங்க. வால் நுனி விசிறி மாதிரி விரிஞ்சிருக்கா? அதுதான் ஆண்.

— அட, ஆமா! ஒருத்தன் விலாசம் தொலைச்சவன் மாதிரி அலையறான். இதோ இன்னொருத்தன்.

— சரி, நகருங்க. இந்தப் புழுவுக்கு ஆணே தேவையில்லை. தாயும் அதுவே, தகப்பனும் அதுவே. தனக்குத்தானே குட்டி போட்டுக்கும்.

— அப்போ மாமியார் வீடுன்னே ஒண்ணு கிடையாது. கொடுத்து வச்ச ஜென்மம்.

— ஆயிரத்துக்கு ஒண்ணு ரெண்டு ஆண் பிறந்தாலே அதிகம். அதுவும் பிசகித்தான் பிறக்கும்.

— என்ன பிசகு? ஆணாப் பிறந்தவன் கேட்கறேன், சொல்லிடு.

— எக்ஸ்னு ஒரு குரோமோசோம். ரெண்டு இருந்தா தாய்ப்புழு, ஒண்ணே ஒண்ணு இருந்தா ஆண். முட்டை உருவாகும்போது அந்த ஜோடி பிரியணும், இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு. ரெண்டும் ஒரே பக்கம் போயிடுச்சுன்னா முட்டையில எக்ஸே இருக்காது. அதே புழுவோட விந்து வழியா வர்ற ஒண்ணுதான் மிச்சம். அது ஆண்.

— ஓகோ. அப்போ நீ ஆணை எண்ணலை, கோளாறை எண்றே. நம்ம லைன்லயும் இதேதான். கேஸ் லீக் கண்ணுக்குத் தெரியாது. சோப்பு நுரையைத் தடவினா குமிழி வரும், குமிழியைப் பார்த்து லீக்னு சொல்லுவோம்.

— இதைத்தான் நான் சீஃப்புக்கு இருபது பக்கத்துல எழுதியிருக்கேன்.

— சும்மா சொல்லக்கூடாது, புத்திசாலி நான். சரி, ஏன் அப்படி ஒரே பக்கம் போவுது?

— பிரியறதுக்கு முன்னாடி அது ரெண்டும் ஒண்ணையொண்ணு தேடிப் பிடிச்சு, ஒரு இடத்துல முடிச்சுப் போட்டுக்கணும். முடிச்சு இருந்தாத்தான் ரெண்டு பக்கமும் இழுக்கும்போது நடுவுல நிதானமா நிக்கும், நேரம் வந்ததும் ஆளுக்கொரு பக்கம் போகும். பதினேழுல எக்ஸ் ஜோடிக்கு முடிச்சு சரியா விழறதில்லைன்னு நான் சொல்றேன். ஒழுங்கா சேர்ந்தாத்தான் ஒழுங்கா பிரிய முடியும்.

— இது புழுவுக்கு மட்டும்தானா?

— எண்ண விடுங்க.

— சரி சரி. வாயை மூடிட்டேன்.

— … முந்நூத்திப் பன்னிரண்டு! முடிஞ்சுது. அதுல ஆண் நூத்திப் பதினாறு. முதல்ல எண்ணின பிளேட்ல முந்நூத்தி நாப்பதுக்கு ஒண்ணுகூட இல்லை. இது பதினேழு, அது சாதாப் புழு. குதிச்சுக் கூத்தாடலாம் போல சந்தோஷமா இருக்கு!

— மூடி ரெண்டையும் ஏன் கவுத்து வச்சிருக்கே?

— பேர் தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாயும். அதனால எழுத்தைப் பார்க்காமத்தான் எண்ணுவேன். எதுக்குப் பக்கத்துல எது இருக்கோ அது அதோட மூடி. நீங்களே திருப்பி, சத்தமாப் படிங்க.

— இந்த நூத்திப் பதினாறு ஆண் இருக்கற பிளேட்டோட மூடியில… "சாதா".

— விளையாடாதீங்க.

— உன்மேல சத்தியமா. அடுத்ததுல "பதினேழு"ன்னு இருக்கு.

— ஐயோ! வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதை ஆயிடுச்சே! தலைகீழா வந்திருக்கு!

— மூடி மாறியிருக்குமோ?

— மூடிதான்! நேத்து சாயங்காலம் புழு வளர்க்கற இந்தக் குளிர்ப் பெட்டியை சர்வீஸ் பண்ணது யாரு?

— நான்தான். பிளேட்டெல்லாம் வெளியே எடுத்து வச்சேன், துடைச்சேன், திரும்ப வச்சேன்.

— மாத்திப் போட்டுட்டீங்க! எடுத்தேன் கவுத்தேன்னு ஒரு வேலை. எப்பவும் இப்படித்தான் நீங்க!

— ஒரு மூடியையும் நான் கழட்டலை.

— கழட்டாம எப்படி மாறும்? காலும் கையும் முளைச்சா? … எங்க எழுந்திருக்கறீங்க? பழையபடி செருப்பை மாட்டிக்கிட்டு வாசலுக்கா?

— பழையபடி போறதில்லைன்னு சொல்லிட்டுத்தானே வந்திருக்கேன். பையில டார்ச் இருக்கு, அதை எடுக்கறேன். இப்போ அந்த பிளேட் ஓரத்தைப் பாரு.

— என்ன இது? குட்டியா ஒரு பச்சைக் கோடு.

— நம்ம லைன்ல எந்த மூடியானாலும் சரி, தொடறதுக்கு முன்னாடி மூடிக்கும் உடம்புக்கும் சேர்த்து மார்க்கர்ல கோடு இழுத்துடுவோம். திரும்ப மாட்டும்போது கோட்டுக்குக் கோடு சேரணும். பெட்டியை நகர்த்தும்போது உன் சாமான் கழண்டு விழுந்துட்டா? அதான் ஒவ்வொண்ணுக்கும் போட்டேன். உன் பிளேட் ரெண்டுல ஒண்ணுக்கு ஒரு கோடு, இன்னொண்ணுக்கு ரெண்டு கோடு.

— இருங்க, இருங்க. "சாதா" மூடியில ஒரு கோடு. அது இருந்த பிளேட்ல… ரெண்டு கோடு!

— "பதினேழு" மூடியில?

— ரெண்டு. அதோட பிளேட்ல ஒண்ணு. மாறித்தான் இருக்கு! அப்போ நூத்திப் பதினாறு ஆண் இருக்கறது பதினேழுதான்!

— தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. ஆனா ஒண்ணு. கோடு நேத்துப் போட்டது. நான் போன பிறகுதான் மூடி மாறியிருக்கு.

— உங்களுக்கு அப்புறம் என்னைத் தவிர பெட்டியை யாரும் தொடலையே. காலையில நான்தான் மூடி ரெண்டையும் கழட்டி, உள்பக்கம் வேர்த்திருந்த தண்ணியைத் துடைச்சேன். அப்போ போன் அடிச்சுது…

— எந்த போன்?

— உங்க போன்தான்! வெள்ளைச் சட்டையா நீலச் சட்டையான்னு கேட்டீங்களே! "நீலம்"னு சொல்லிட்டே மூடியை எடுத்துப் போட்டேன்.

— ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!

— சிரிக்காதீங்க. பேரை மூடியில எழுதக்கூடாது, அடியிலதான் எழுதணும். புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு இதை முதல்ல சொல்லிக் கொடுக்கறதே நான்தான். அடியில எழுதினா எழுத்து புழுவை மறைக்குதுன்னு நானே மூடியில எழுதித் தொலைச்சேன்.

— ஊருக்குத்தான் உபதேசம். சீஃப்கிட்ட என்ன சொல்லுவே?

— நடந்ததை நடந்தபடி. கோட்டைக் காட்டி, மூடி மாறினதைச் சொல்லி, இன்னொரு செட்டும் போட்டுத் தர்றேன்னு சொல்லுவேன். முடிவு மாறாது. எனக்குத் தெரியும்.

— அப்புறம் ஏன் கண்ணைத் துடைக்கறே?

— உங்களைக் கேட்கறதுக்கு முன்னாடியே தீர்ப்பு சொல்லிட்டேன். அப்பவும் இதேதானே பண்ணேன். மன்னிச்சுக்கோங்க.

— நான் மட்டும் யோக்கியமா? அப்பவெல்லாம் ஒரு வார்த்தை பதில் சொல்லாம கிளம்பிப் போயிடுவேன். இன்னிக்கு டார்ச் எடுத்தேன் பாரு, அதையே பெருசா நினைச்சுக்கறேன்.

— பெருசுதான். மணி ஒண்ணே முக்கால். நான் மேல போறேன், நீங்க இங்கயே இருங்க. எதையும் தொடாதீங்க. வேணும்னா கோடு போட்டுட்டுத் தொடுங்க.

— ஒரு நிமிஷம். நாலு மணிக்குக் கொடுக்கற விண்ணப்பத்துல ஒரு கட்டம் காலியா இருக்கு. என்ன எழுதறதுன்னு தெரியலை.

— படிங்க.

— "இதற்கு முன் திருமணமாகி மணவிலக்குப் பெற்றிருந்தால், யாருடன்?"

— "இதே ஆளோட"ன்னு எழுதுங்க.