நடுப்பக்க நாற்காலி

மேடம், உங்களுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் காலண்டர் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. எழுந்து நேராக்கட்டுமா? வேண்டாமென்றால் விட்டுவிடுகிறேன். பேசும்போது என் கண் அடிக்கடி அங்கே போகும், பொய் சொல்கிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பள்ளியில் என்னை மில்லிமீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவன் என் வகுப்பில் புகைப்படம் எடுக்கிற பையன், வாத்து. அவன் நடைக்காக நான் வைத்த பெயருக்கு அவன் செய்த பதில் மரியாதை.

நான் ஊடகப் பிரிவு மாணவி. இந்த ஆண்டுப் பள்ளி மலரை வடிவமைக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. கிடைத்தது என்ன, வேறு யாரும் கேட்கவில்லை. ஆனாலும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போனதும், "இனிமே என்னைக் கடைக்கெல்லாம் அனுப்பாதம்மா, வேலை தலைக்கு மேல இருக்கு" என்றேன். "சரிங்க மகாராணி, குப்பையையாவது கொண்டுபோய்க் கொட்டுவீங்களா?" என்றாள் அம்மா. கொட்டினேன்.

பள்ளி மலர் எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தலைமையாசிரியை சிரிக்கிற படம் ஒன்று. ஓட்டப் பந்தயத்தில் யாருடையதோ முழங்கால். மரம் நடச் சொல்லும் கவிதைகள், எழுதியவர்களில் ஒருவரும் மரம் நட்டதில்லை. வாங்குகிறவர்கள் தங்கள் முகம் இருக்கிற பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். இதில் என் மேதைமையைக் காட்ட ஒரே இடம்தான் இருந்தது, நடுப்பக்கம். ஸ்டேப்ளர் பின் அடிக்கிற இடத்தில் மட்டும்தான் இரண்டு பக்கமும் ஒரே தாளாக வரும். ஒரு படத்தை வெட்டுப்படாமல் அகலமாக விரித்துப் போடலாம்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கணக்கு சார் வகுப்பிலேயே மயங்கி விழுந்தார். இதயத்தில் அடைப்பு என்றார்கள். பிழைப்பது கஷ்டம் என்று பேச்சு வந்தது. தலைமையாசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதை வாயால சொல்லக் கூடாதுதான். எதுக்கும் ஒரு அஞ்சலிப் பக்கம் தயாரா வச்சுக்கம்மா" என்றார்.

நான் அழுதேன், மேடம். சார் நல்ல மனிதர். எனக்குக் கணக்கு சுத்தமாக வராது. "உனக்குக் கோணம் மட்டும் நல்லா வருது. அத வச்சே பொழச்சுக்குவ போ" என்று கிண்டல் செய்வாரே தவிர, ஒருநாளும் திட்டியதில்லை. அழுதுகொண்டேதான் அவருடைய நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, வாத்துவைப் படம் பிடிக்கச் சொன்னேன். அந்தப் படத்தை நடுப்பக்கத்தின் வலது ஓரத்துக்குத் தள்ளினேன். மிச்சம் எல்லாம் வெறும் வெள்ளை. கீழே சின்ன எழுத்தில் அவர் பெயர். பார்த்ததும் எனக்கே உடம்பு சிலிர்த்தது. அதுவரை நான் செய்ததெல்லாம் பிறந்தநாள் வாழ்த்து அட்டைகள்தான்.

சார் பிழைத்துக்கொண்டார்.

மருத்துவமனைக்கு எல்லோரும் சேர்ந்து போனோம். முகம் தெளிந்து, சாப்பாட்டில் உப்பில்லை என்று குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது. முழு சந்தோஷம் இல்லை. சொல்ல வாய் கூசுகிறது, ஆனால் சொல்லத்தானே வந்திருக்கிறேன். "நல்லவேளை. அந்தப் பக்கத்தைத் தூக்கிடு, அங்க விளையாட்டு விழாவைப் போட்டுடு" என்றார் தலைமையாசிரியை. தூக்கினேன். தூக்கி, கணினியில் வேறொரு இடத்தில் பத்திரமாக வைத்தேன். நடுப்பக்கத்துக்கு முழங்கால் வந்தது.

"ஒரு பக்கம்தான, விடு. மனுஷன் பொழச்சு வந்திருக்காரு" என்றான் வாத்து.

"எனக்கும் சந்தோஷம்தான்டா" என்றேன். இரண்டு பேரும் அதை நம்பினோம்.

சார் மறுபடி பள்ளிக்கு வந்தார். படியேறவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் அவருடைய வகுப்புகளைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். இது பள்ளியில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எங்கள் ஊடக அறை மூன்றாவது மாடியில், லிஃப்டை ஒட்டி இருக்கிறது. லிஃப்ட் ஓடினால் குரல் பதிவில் உறுமல் சத்தம் விழும். அதனால் பதிவு செய்யும்போதெல்லாம் கீழே ஓர் அட்டையை மாட்டிவிட்டு வருவது எங்கள் பழக்கம். 'லிஃப்ட் பழுது. படிகளைப் பயன்படுத்தவும்.' அந்த அட்டையும் நான் செய்ததுதான். படியேறுகிற மாதிரி ஒரு குச்சி மனிதன் கூட உண்டு. நிஜமாகவே லிஃப்ட் பழுதானபோது அலுவலகத்தில் அதைத்தான் கடன் கேட்டார்கள். அவ்வளவு நம்பகமான அட்டை.

சாரிடம் போய், "மலர்ல உங்க பேட்டி வருது சார். மேல வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போயிடுங்க" என்றேன். பேட்டி எல்லாம் ஒன்றும் இல்லை. பக்கத்தை அச்செடுத்துக் கீழே கொண்டுபோய்க் காட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். திரையில் பார்ப்பது போல வராது, மேடம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு கீழே போய் அட்டையை மாட்டினேன். அன்றைக்குப் பதிவு எதுவும் இல்லை.

சார் சுவரைப் பிடித்துக்கொண்டே அறைக்குள் வந்தார். சட்டை முழுக்க வியர்வை. "லிஃப்ட் ரிப்பேராம்மா. மெதுவா ஏறி வந்துட்டேன். உன் வேலை என்னால நிக்கக் கூடாதுல்ல" என்றபடி உட்கார்ந்தார். திரையில் அந்த அஞ்சலிப் பக்கம் இருந்தது. நான் அதை மூடவில்லை.

வெகுநேரம் பார்த்தார். தன் பெயரையும் படித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "நல்லா செஞ்சிருக்கம்மா" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "நாற்காலி மட்டும் கொஞ்சம் கோணலா இருக்கு" என்றார்.

அவர் சொன்னது சரி. ஒரு மயிரிழை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை. எனக்கு மானமே போய்விட்டது. உடனே திரைப்பக்கம் திரும்பி நாற்காலியை நிமிர்த்த ஆரம்பித்தேன். பின்னாலிருந்து, "தண்ணி... யாரையாவது கூப்பிடும்மா" என்றார்.

"இதோ சார்" என்றேன். நாற்காலி நிமிர்ந்ததும் அதன் நிழல் ஒட்டாமல் நின்றது. நிழலையும் திருத்தினேன். எல்லாவற்றையும் சேமித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். கத்தினேன், ஓடினேன், ஆட்களைக் கூட்டி வந்தேன். கீழே ஓடிய வேகத்திலும் அட்டையைக் கழற்ற மறக்கவில்லை. சார் வீட்டில் என்னைவிட அதிகமாக யாரும் அழவில்லை. சாருடைய மனைவிதான் என் தலையைத் தடவி, "நீயாவது கடைசியில கூட இருந்தியேம்மா" என்றார்.

மலர் வந்தது. முழங்கால் பழையபடி ஓரப் பக்கத்துக்குப் போனது. சாருடைய மனைவி நடுப்பக்கத்தை விரித்து அந்த நாற்காலியை விரலால் தொட்டுப் பார்த்தார். வெளியீட்டு விழா மேடையில் தலைமையாசிரியை அந்தப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினார். இதயம் பலவீனமான ஒருவர் இறந்ததில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நீங்களும் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

ஏன் வந்தாய் என்று கேட்டீர்கள். மனசாட்சி உறுத்தியது என்றுதான் பேருந்தில் வரும்போது நானும் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் மலரின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். யார் யார் என்ன செய்தார்கள் என்று பள்ளி அலுவலகத்தில் போட்ட பட்டியல் அது. 'நடுப்பக்கம்' என்று போட்டு, எதிரே வாத்துவின் பெயரைப் போட்டிருக்கிறார்கள். நேற்று அதற்காக அவனுக்குப் பரிசும் கொடுத்தார்கள். சாரை நினைத்து மேடையிலேயே அழுதான். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் நாற்காலியைப் படம் பிடித்தான், அவ்வளவுதான். அதுவும் கோணலாக.

எழுதிக்கொண்டீர்களா, மேடம்? லிஃப்டில் அட்டையை மாட்டியது நான். படியேற வைத்தது நான். தண்ணீர் கொடுக்காதது நான். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று, நடுப்பக்கம் செய்ததும் நான்தான். அதை மட்டும் முதல் வரியில் போட்டுவிடுங்கள்.