உள்வட்டப் பாதையில் கேட்ட இரண்டு விசில்

என் வயது அறுபத்தொன்று. பதிவேட்டில் உள்ள என் பெயரை வனத்துறை விசாரணை அலுவலர் மேலே தனியாக எழுதிக்கொண்டார். டெப்போவில் என்னை எல்லோரும் ரைட்டம்மா என்றுதான் அழைப்பார்கள், வேறு பெயரில் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பதே சந்தேகம். டெப்போவுக்குப் பின்னால் உள்ள ஓய்வுபெற்றோர் குடியிருப்பில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய மாடி வீட்டில் என் கணவருடன் வசித்து வருகிறேன். நான் பேருந்து நடத்துநராகவும் அவர் ஓட்டுநராகவும் பணி செய்து ஓய்வு பெற்றோம். கடைசிக் காலத்தில் இருவருக்கும் ஒரே வண்டியில் டூட்டி. ஒரு விசில் அடித்தால் நிறுத்துவார், இரண்டு அடித்தால் எடுப்பார். வண்டிக்குள் இருக்கும்வரைதான் அவர் என் பேச்சைக் கேட்பார் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளலாம்.

எங்கள் பேருந்துத் தடம் பல காடுகளின் ஓரமாகப் போகும். ஒன்றிலும் ஸ்டாப்பிங் கிடையாது. மான் கூட்டம் தெரிந்தால் பயணிகள் ஜன்னல் பக்கம் சாய்வார்கள், நான் டிக்கெட் கிழித்துக்கொண்டிருப்பேன், அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே ஓய்வு பெற்றதும் ஒரு பழைய வேனை வாங்கிச் சரிசெய்து, கடந்துபோன காடுகளை எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். முதலில் சதுப்பு நிலச் சரணாலயத்துக்குப் போனோம். அங்கே ஒரு நாரை பெரிய மீனை விழுங்க முடியாமல் திண்டாடியது. என் கணவர் மரப்பாலத்தில் நின்றபடி, "மெதுவா சாப்பிடு, யாரும் புடுங்க வரல" என்று அதனிடம் சொன்னார். அதன் பிறகு புல்வெளிப் பூங்காவுக்குப் போனோம். பகல் முழுக்கச் சுற்றியும் ஒரு விலங்குகூடக் கண்ணில் படவில்லை, புல்லும் காற்றும்தான். திரும்பி வரும்போது, இதுவரை பார்த்ததில் இதுதான் நன்றாக இருந்தது என்றார். எனக்குக் கால் வலி, இருந்தாலும் அவர் சொன்னது சரி என்றே எனக்கும் பட்டது. இந்த வயதில் நாங்கள் இவ்வளவு சந்தோஷமாக இருப்போம் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வேனில் நான் கடைசி சீட்டில்தான் உட்காருவேன். முன்னால் உட்கார்ந்தால் இருவருக்கும் சண்டை வரும். நான் இரண்டு விசில் கொடுக்காமல் அவர் வண்டியை நகர்த்தமாட்டார், கொடுக்காவிட்டால் கைக்குக் கியர் விழாது என்பார். பூங்காக்களில் சத்தம் போடக் கூடாது என்பதால் விசிலின் வாயை விரலால் பாதி மூடிக்கொண்டு மெல்லத்தான் ஊதுவேன். அதற்கும் அவர் காது பழகிவிட்டது.

சம்பவத்தன்று காலையில் இந்தத் தேசியப் பூங்காவுக்கு வந்து, அனுமதிச் சீட்டு பெற்று, ஓடைக்கரையில் உள்ள இரண்டாவது கேட்டை அடைந்தோம். அங்கே சாலை இரண்டாகப் பிரிகிறது. இடதுபக்கம் பார்வையாளர் பாதை. வலதுபக்கம் உள்வட்டப் பாதை, மான்கள் குட்டி போடும் காலம் என்பதால் மூங்கில் தடுப்புப் போட்டு அடைத்திருந்தது. கேட் காவலர் அன்பாகப் பேசினார். அவர் கண்ணாடியின் ஒரு காதுக்கம்பி உடைந்து நூலால் கட்டியிருந்தது. எங்கள் பிளாஸ்க்கிலிருந்து தேநீர் கொடுத்தேன், குடித்தார். தற்காலிக வேலையில் இருப்பதாகவும், அடுத்த மாதம் நிரந்தரம் ஆகிவிடும் என்றும், வீட்டில் இப்போதே பேச்சு மரியாதையாக மாறிவிட்டது என்றும் சொல்லிச் சிரித்தார்.

அதன் பிறகு உள்வட்டப் பாதையிலிருந்து வன இலாகாவின் டிராக்டர் ஒன்று காய்ந்த கிளைகளை ஏற்றிக்கொண்டு வந்தது. காவலர் தடுப்பைத் தூக்கி அதை வெளியே விட்டார். டிராக்டர் இடதுபக்கப் பாதையை மறித்து நின்றது, அதில் கட்டியிருந்த கயிறு அவிழ்ந்திருந்தது. "ஐயா, கொஞ்சம் நில்லுங்க, கட்டிட்டு வந்துடறேன்" என்று என் கணவரிடம் சொல்லிவிட்டுக் காவலர் அதைக் கட்டப் போனார். நான் பின்கதவு வழியாக இறங்கி, பிளாஸ்க் மூடியைக் கழுவுவதற்காகக் குழாயடிக்குப் போனேன். என் விசில் பையில் இருந்தது, பை என் தோளில் இருந்தது. குழாய் டிராக்டருக்கு நேரே இருந்ததால் காவலர் எனக்குத் தெளிவாகத் தெரிந்தார். தண்ணீர் விழும் சத்தத்தில் எனக்கு வேறு எதுவும் கேட்கவில்லை.

அப்போது எங்கள் வேன் நகர்ந்தது. தடுப்பு தூக்கியிருந்த வலதுபக்கப் பாதையில் நேராக உள்ளே போயிற்று. பணிக்காலம் முழுவதும் கண்டக்டரை விட்டுவிட்டு ஒரு தடவைகூட வண்டி எடுக்காத மனிதர் என்னைக் குழாயடியில் விட்டுவிட்டுப் போனார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. உடனே விசிலை எடுத்து நீளமாக ஒரு விசில் அடித்தேன், விரலால் மூடாமல் முழுச் சத்தத்தில் அடித்தேன். பூங்காவுக்குள் அப்படி ஊதியது தவறுதான், அதை ஒப்புக்கொள்கிறேன். வேன் ஆணி அடித்தாற்போல் நின்றது.

நானும் காவலரும் ஓடிப்போய்ப் பார்த்தபோது, முன்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால், பாதையில் விழுந்திருந்த சருகோடு சருகாக ஒரு மான்குட்டி படுத்திருந்தது. என் கணவர் அதைப் பார்க்கவில்லை, என் விசிலுக்குத்தான் நின்றார். குட்டி அசையவில்லை, காது மட்டும் ஆடியது. காவலர் எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார். சிறிது நேரத்தில் தாய் மான் புதருக்குள்ளிருந்து கூப்பிட, குட்டி எழுந்து தள்ளாடிப் போனது. என் கணவர் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். காவலர் வேன் கதவில் கையூன்றி நிம்மதியாகச் சிரித்தார். அந்த நேரத்தில்தான் ரோந்து ஜீப் வந்தது.

ரோந்து அதிகாரி இந்தப் பூங்காவுக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர் என்று பிறகு தெரிந்தது. தடுப்பு தூக்கியிருந்ததையும், வேன் உள்ளே நின்றதையும், காவலர் சிரித்ததையும் அவர் பார்த்தார். யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டார். "விசில் குடுத்தாங்க, எடுத்தேன்" என்றார் என் கணவர். நான் கொடுக்கவில்லை என்றேன். அப்படியானால் காவலர்தான் கொடுத்திருக்க வேண்டும் என்று அதிகாரி முடிவுகட்டினார், ஏனெனில் அங்கே விசில் வைத்திருந்த இன்னொருவர் அவர்தான். காவலர், "சார், இங்க ஓடைப் பக்கம் ஒரு பறவை இருக்கு. விசில்காரன்னு சொல்லுவோம். அது ரெண்டு ரெண்டாதான் அடிக்கும்" என்றார். அதிகாரி, காதில் பூ சுற்றாதே என்று சொல்லி, அவருடைய தொப்பியையும் விசிலையும் வாங்கிக்கொண்டார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்போது நம்பிக்கை இல்லை, பாவம், வேலை போகும் பயத்தில் ஏதோ சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். தேநீர் குடித்த பழக்கத்தில் உள்ளே விட்டதாகவும் அவர்மேல் எழுதப்பட்டிருப்பதாக அறிகிறேன்.

இதில் எனக்குத் தெரிந்தது ஒன்று. வேன் நகர்ந்த நேரத்தில் காவலரின் இரண்டு கைகளும் டிராக்டர் கயிற்றில் இருந்தன, கயிற்றின் நுனி அவர் பல்லுக்கிடையில் இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். பல்லில் கயிற்றைக் கடித்துக்கொண்டு யாரும் விசில் ஊத முடியாது. அப்படியானால் காவலர் சொன்ன பறவைதான் அடித்திருக்க வேண்டும். என் கணவருக்கும் இது விளங்கிவிட்டது. ஆனால் வெளியே சொல்ல வேண்டாம் என்று என்னிடம் கெஞ்சினார். "ஒரு குருவி சொல்லி வண்டிய எடுத்தேன்னு டெப்போவுல தெரிஞ்சா நான் எப்படிம்மா தலைகாட்டுவேன்?" என்றார். "ஒருத்தர் பொழப்பு போகுதுங்க, உங்க மானம் டெப்போவோட இருக்கட்டும்" என்றேன்.

இந்த இடம்வரை சொல்லிக்கொண்டிருந்தபோது இந்த அலுவலகத்தின் ஓடைப்பக்க ஜன்னலுக்கு வெளியே மெல்லிதாக இரண்டு விசில் கேட்டது. விசாரணைக்காக வாங்கி வைத்திருந்த என் விசிலும் காவலரின் விசிலும் அடையாளச் சீட்டு கட்டி, அவர் தொப்பிக்குப் பக்கத்தில், அலுவலரின் மேசைமேல் கிடந்தன. வராந்தா பெஞ்சில் என் கணவர் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது கதவு வழியாகத் தெரிந்தது. தூக்கம் கலையாமலே அவருடைய இடதுகால் தரையை அமுக்கியது, இடதுகை காற்றில் கியரைத் தேடிப் பிடித்து முன்னால் தள்ளியது. அலுவலர் பேனாவை வைத்துவிட்டார். கொஞ்சம் பொறுத்து மறுபடி இரண்டு விசில் வந்தது. என் கணவர் இரண்டாவது கியருக்கு மாறினார்.

அலுவலர் வெகுநேரம் சிரித்தார். பிறகு, "இத எப்படிம்மா எழுதறது?" என்று கேட்டார். "பார்த்தத எழுதுங்க சார்" என்றேன். எழுதினார். அதன் பிறகு காவலரை உள்ளே கூப்பிட்டு, தொப்பியை எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார். காவலர் அதை இரண்டு கையாலும் வாங்கினார், போட்டுக்கொள்ளத் தெரியாதவர்போல் சிறிது நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

மேலே உள்ளவை யாரும் சொல்லிக்கொடுத்தோ மிரட்டியோ வந்தவை அல்ல, நான் கண்டபடி சொன்னவை. படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது. சத்தமாக ஊதியதற்கு உரிய தண்டத்தைக் கட்டச் சம்மதிக்கிறேன். என் விசிலை மட்டும் இன்றே திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் பார்க்க வேண்டிய காடு இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, விசில் என் கைக்கு வராமல் வெளியே தூங்குகிறவர் வண்டியை எடுக்கமாட்டார்.

(ஒப்பம்)
ரைட்டம்மா